ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? வழிகளின் ஒப்பீடு

என்ஜின் ஆயிலைத் தாமே மாற்றிப் பழகியவர்கள் அடுத்துக் கைவைக்க நினைப்பது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலில்தான். அடியில் ஒரு டிரெயின் பிளக், மேலே ஊற்றுவதற்கு ஒரு வழி, இடையில் சில லிட்டர் ஆயில் என்று பார்வைக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரிவதால் இந்த ஆசை இயல்பானதே. ஆனால் இரண்டு இடங்களில் வேலை வேறுபடுகிறது. என்ஜினில் பிளக்கைக் கழற்றினால் பழைய ஆயில் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பாதி வந்தாலே அதிகம். என்ஜினில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். இன்றைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது.

இவ்விரண்டில் முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் வாதிடுகிறார்கள். எவ்வளவு பழைய ஆயில் உள்ளே தங்கும், அதை எப்படி வெளியேற்றுவது, மெஷின் வைத்து மொத்தத்தையும் மாற்றிவிடலாமா என்றே பேச்சு போகிறது. என் கணிப்பில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவது வேறுபாடு. மாற்றி முடித்தபின் உள்ளே சரியான அளவு ஆயில் இருக்கிறது என்பதை உங்களால் உறுதிசெய்ய முடியும் என்றால் வீட்டிலேயே செய்யலாம்; முடியாது என்றால், வடிப்பது எவ்வளவு எளிதாக இருந்தாலும் தொடாமல் இருப்பதே நல்லது. கீழே உள்ள ஒப்பீடு இந்த அடிப்படையிலேயே செல்கிறது.

எந்தக் கியர்பாக்ஸ், எந்த ஆயில்

கிளட்ச் மிதி இல்லாத காரையெல்லாம் ஆட்டோமேட்டிக் என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பவையோ வெவ்வேறு அமைப்புகள். டார்க் கன்வெர்ட்டரும் கோள் பல்சக்கரத் தொகுதிகளும் கொண்ட மரபான ஆட்டோமேட்டிக் ஒரு வகை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடும் சிவிடி மற்றொரு வகை. இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி வேறு. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின்மேல் கிளட்சையும் கியரையும் இயக்கும் கருவியைப் பொருத்திய ஏஎம்டி வேறு. இக்கட்டுரை முதல் வகையைப் பற்றியது. சிவிடிக்கும் வடித்து நிரப்பும் முறை பொதுவாகப் பொருந்தும் என்றாலும், அதற்கான ஆயில் தனி. கப்பிக்கும் பட்டைக்கும் இடையே வேண்டிய பிடிப்பைச் சாதாரண ஏடிஎஃப், அதாவது மரபான ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில், தராது என்பதால், தவறி ஊற்றினால் கியர்பாக்ஸே கெட்டுப்போகும். ஏஎம்டியில் ஓடுவது மேனுவல் கியர் ஆயில். அதன் இயக்கும் கருவிக்கென்று தனித் திரவம் இருப்பதும் உண்டு.

மரபான ஆட்டோமேட்டிக்கில் ஏடிஎஃப் பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்கிறது. என்ஜினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டருக்குள் திரவ ஓட்டமாகக் கடத்துகிறது. ஆயிலை வேண்டிய கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் குறுகிய வழிகளில் அழுத்தத்துடன் சென்று கிளட்சுகளை இறுக்குகிறது. பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாகிறது. வெப்பத்தைக் கூலருக்கு எடுத்துச் செல்கிறது. இவற்றுக்கு மேல், கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பற்றும் கணத்தில் எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையும் அதிலுள்ள உராய்வுச் சேர்மானங்களே நிர்ணயிக்கின்றன. காலப்போக்கில் தளர்வது பெரும்பாலும் இந்தச் சேர்மானங்கள்தான். வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது: ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. சுமை இழுக்கும் கார், மலைச்சாலையில் ஓடும் கார், நெரிசலில் நின்று நின்று நகரும் கார் ஆகியவற்றுக்கு ஆயில் முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

உராய்வுச் சேர்மானம் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு ஒரு பழைய செய்தி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸ் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் விற்பனைக்கு வந்த பிறகு ஏடிஎஃப் ஒரு தனி ஆயில் வகையாகவே வளர்ந்தது; அதில் உராய்வைச் சீராக்க நெடுங்காலம் சேர்க்கப்பட்ட பொருள் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தபோது, ஈடான மாற்றுப் பொருளைக் கண்டுபிடிக்க ஆயில் நிறுவனங்கள் திண்டாட வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு கியர்பாக்ஸும் தனக்கெனக் குறித்த தரத்தைக் கேட்கிறது. டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, ஏடிஎஃப்+4, டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹோண்டாவின் டிடபிள்யூ-1, ஹூண்டாய் கார்களுக்கான எஸ்பி-4, நிஸ்ஸானின் மேட்டிக்-எஸ் என்று பட்டியல் நீள்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்துமா என்பதைக் காரின் கையேடும் ஆயில் டப்பாவின் பின்பக்கமுமே சொல்ல வேண்டும். நிறத்தை வைத்து முடிவெடுக்கவே கூடாது: ஏடிஎஃப்பின் வழக்கமான சிவப்பு, கசிவு ஏற்பட்டால் என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகச் சேர்த்த சாயம் மட்டுமே. பச்சையாகவும் மஞ்சளாகவும் இருக்கும் ஏடிஎஃப்களும் உண்டு.

மாற்றாமலே விட்டுவிடுவது

இதுவும் ஒரு வழிதான். பலர் தெரிவு செய்திருக்கும் வழியும் இதுவே. கார் உற்பத்தியாளர்கள் சிலர் கியர்பாக்ஸ் ஆயிலை வாழ்நாள் முழுமைக்கும் நிரப்பியதாகக் குறிப்பிடுவது இதற்குத் துணையாக அமைகிறது. யாருடைய வாழ்நாள் என்ற கேள்வியைத்தான் அங்கே யாரும் கேட்பதில்லை. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் கியர்பாக்ஸ்கள் பல நிறுவனங்களின் கார்களில் பொருத்தப்படுகின்றன. அக்கார்களில் சிலவற்றின் பராமரிப்பு அட்டவணையில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றம் என்ற வரியே இருக்காது. ஆனால் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. இவ்விரண்டு பேச்சுகளில் எதை நம்புவது என்று கேட்டால், கியர்பாக்ஸைச் செய்தவர் பேச்சையே நம்புவேன். சில ஆண்டுகளில் காரை விற்றுவிடப் போகிறவருக்கு மாற்றாமல் விடுவது கணக்கில் லாபமாகத் தெரியலாம்; நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

வடித்து நிரப்புதல்

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் எளிமையானதும், என் பார்வையில் பெரும்பாலானோருக்குப் பொருத்தமானதும் இதுவே. டிரெயின் பிளக்கைக் கழற்றி, வருவதை வடித்து, அதே அளவு புதிய ஆயிலை ஊற்றுவது, அவ்வளவுதான். டார்க் கன்வெர்ட்டர், வால்வ் பாடி, கூலர், அதற்குச் செல்லும் குழாய்கள் ஆகியவற்றில் இருக்கும் ஆயில் வெளியே வராது என்பதால், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் மாறும்.

இதைக் குறையாகக் காண்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் ஒவ்வொரு முறையும் 3.2 லிட்டர், அதாவது 40 விழுக்காடு, வடிகிறது என்று கொள்வோம். முதல் முறை முடிந்ததும் 40 விழுக்காடு புதிய ஆயில். சிறிது தூரம் ஓட்டி, நன்கு கலந்தபின் இரண்டாம் முறை வடித்தால் 64; மூன்றாம் முறைக்குப் பின் 78; நான்காவதுக்குப் பின் 87. ஒவ்வொரு முறையும் புதிய ஆயிலில் ஒரு பகுதியும் சேர்ந்தே வடிந்துவிடுவதால் பயன் படிப்படியாகக் குறைகிறது. நான்கு முறைக்கு மொத்தம் 12.8 லிட்டர் ஆயில் செலவாகும். ஆகவே மூன்று முறையோடு நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் சிக்கனம்.

இதை ஒரே வாரத்தில் செய்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு அல்லது மூன்று என்ஜின் ஆயில் மாற்றத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸையும் ஒருமுறை வடித்து நிரப்பும் வழக்கத்தை வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் ஆயில் எப்போதும் முற்றும் புதிதாக இருக்காது. முற்றும் பழையதாகவும் ஆகாது. கார் புதிதாக இருக்கும்போதே இந்தப் பழக்கத்தைத் தொடங்குகிறவருக்கு மற்ற முறைகளைப் பற்றிய விவாதமே தேவைப்படாது.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. ஊற்றும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். அது திறந்த பிறகே டிரெயின் பிளக்கில் ஸ்பேனரை வைக்க வேண்டும். ஆயிலை வடித்து முடித்தபின் ஊற்றும் பிளக் துருவேறி அசைய மறுத்தால், கார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அடுத்து, கழற்றப்போவது கியர்பாக்ஸின் பிளக்தானா என்பதைப் படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என்ஜின் ஆயில் பிளக், டிஃபரென்ஷியல் பிளக், கியர்பாக்ஸ் பிளக் ஆகிய மூன்றும் அருகருகே இருக்கும் கார்கள் உண்டு; என்ஜின் ஆயிலை வடிப்பதாக எண்ணிக் கியர்பாக்ஸை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் என்ஜினுக்குள் மேலும் நான்கு லிட்டரை ஊற்றியவர்களின் கதை மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. பிளக்கின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். வடிந்ததை அளவுக்கோடு போட்ட கலனில் பிடித்து, எத்தனை லிட்டர் என்று எழுதி வைக்க வேண்டும். வடித்த ஆயில் சூடாக இருந்தால் அது ஆறியபின் அளந்தால்தான் டப்பாவில் இருக்கும் புதிய ஆயிலோடு ஒப்பிட முடியும்.

பேனைக் கழற்றி ஃபில்டரையும் மாற்றுதல்

டிரெயின் பிளக்கே இல்லாத கார்களில் ஆயில் பேனை, அதாவது அடியில் ஆயில் தேங்கும் தட்டை, கழற்றுவது தவிர வேறு வழியில்லை. பிளக் இருக்கும் கார்களிலும், ஆயில் நெடுநாள் மாற்றப்படாமல் இருந்தால் ஒருமுறையாவது பேனைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. அதில் கிடைக்கும் தகவல் வேறு எந்த முறையிலும் கிடைக்காது.

பேனின் அடியில் சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றின்மேல் படிந்திருப்பதை விரலால் வழித்து வெளிச்சத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். பென்சில் கரியை எண்ணெயில் குழைத்தாற்போல வழவழப்பான சாம்பல் நிறப் பசையாக இருந்தால் அது இயல்பான தேய்மானம்; கவலை வேண்டாம். விரலில் நெருடும் துகள்களோ, கண்ணுக்குத் தெரியும் உலோகச் சிலாம்புகளோ இருந்தால், பல்சக்கரமோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காந்தத்தில் ஒட்டாத கருந்துகள் பேனின் அடியில் தடிப்பாகப் படிந்திருந்தால் அது கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பொருள். பின்னிரண்டு நிலைகளில் புதிய ஆயிலை எதிர்பார்ப்போடு ஊற்றுவதில் பயனில்லை.

இந்த முறையின் சிரமம் முதல் சில போல்ட்டுகளிலேயே தொடங்கிவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பேனைக் கீழே இறக்கலாம் என்று எண்ணினால் இரண்டு மூன்று லிட்டர் ஆயில் முகத்திலும் தரையிலும் கொட்டும். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைச் சில மரைகளில் தங்கும்படி விட்டு, எதிர்ப்பக்கத்தைக் கழற்றி, ஒரு மூலையைச் சாய்த்து மெல்ல வடிய விட வேண்டும். திரும்பப் பொருத்தும்போது பழைய கேஸ்கெட்டின் எச்சத்தைச் சுரண்டுகையில் அலுமினியப் பரப்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேன் போல்ட்டுகளுக்கான இறுக்கம் மிகக் குறைவு. பல கார்களில் அது 10 நியூட்டன்-மீட்டரை ஒட்டியே இருக்கும். கை வலுவை நம்பி இறுக்குகிறவர்கள் கேஸ்கெட்டைப் பிதுக்கிவிடுவார்கள், அல்லது அலுமினிய உடலின் மரையை உருவிவிடுவார்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் சிறிய டார்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதிருப்பது நல்லது.

ஃபில்டர் எல்லாக் கார்களிலும் கைக்கு எட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில கியர்பாக்ஸ்களில் அது உடலின் இரு பாதிகளுக்கு நடுவே இருப்பதால், முழுவதையும் பிரிக்காமல் மாற்ற முடியாது. சிலவற்றில் அது துணி ஃபில்டராக இல்லாமல் உலோக வலையாக இருக்கும். கழுவிப் போட்டால் போதும். இசட்எஃப்பின் ஆறு வேக, எட்டு வேக கியர்பாக்ஸ்கள் பலவற்றில் பேன் பிளாஸ்டிக்கால் ஆனது. ஃபில்டர் அதன் உள்ளேயே இருப்பதால் பேனையே புதிதாக வாங்க வேண்டும். தம் காரில் நிலைமை எது என்று தெரிந்த பிறகே உதிரிப்பாகம் வாங்கச் செல்ல வேண்டும்.

கூலர் குழாய் வழியாக முழுவதையும் மாற்றுதல்

கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, என்ஜினை இயக்கினால், கியர்பாக்ஸின் பம்ப்பே பழைய ஆயிலை வெளியே தள்ளும். ஒரு லிட்டர் வந்ததும் என்ஜினை நிறுத்தி, ஒரு லிட்டர் ஊற்றி, மீண்டும் இயக்கி, வெளிவரும் ஆயில் தெளியும்வரை தொடர வேண்டும். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பதும் இதில் வெளியேறிவிடுவதால், கொள்ளளவைவிடச் சற்றே கூடுதலான ஆயிலில் ஏறக்குறைய முழுவதும் மாறிவிடும். காகிதத்தில் இதைவிடத் திறமையான வழி இல்லை.

நடைமுறையில் எனக்கு இதன்மேல் அவ்வளவு விருப்பம் இல்லை. ஒரு லிட்டர் வெளியேற அரை நிமிடமும் ஆகாத கார்கள் உண்டு. அந்த நேரத்துக்குள் என்ஜினை நிறுத்த ஒருவர் சாவியருகே உட்கார்ந்திருக்க வேண்டும், வாளியைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். சில விநாடி தாமதித்தால் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். மசகின்றிச் சுழலும் பம்ப் விரைவில் கெடும். எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்று மாறிப்போவதும், பழைய ரப்பர் குழாய் கழற்றும்போதே கிழிவதும் அடிக்கடி நடப்பவை. சில கார்களில் ஆயில் சூடாகும்வரை கூலருக்கு வழிவிடாத தெர்மோஸ்டாட் வால்வ் இருக்கும். அங்கே குளிர்ந்த நிலையில் குழாயைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தால் ஒரு சொட்டும் வராது. டிப்ஸ்டிக் குழாய் உள்ள பழைய வகைக் காரும், நிதானமான துணையாளும், கையேட்டில் குழாய்ப் படமும் இருந்தால் இதைச் செய்யலாம். டிப்ஸ்டிக் இல்லாத காரில், ஊற்றும் பிளக் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் நிலையில், லிட்டர் லிட்டராக நிறுத்தி நிறுத்தி ஊற்றுவது கைக்கு அடங்காத வேலை.

ஒர்க்‌ஷாப்பில் மெஷின் வைத்துச் செய்வதும் அடிப்படையில் இதே முறைதான். கூலர் குழாயின் நடுவே மெஷினை இணைத்து, வெளியேறும் அளவுக்கு ஈடாகப் புதிய ஆயிலை உள்ளே செலுத்துகிறார்கள். வேலை சுத்தமாக முடியும். ஆனால் பேன் திறக்கப்படாததால் காந்தத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, ஃபில்டரும் பழையதே தங்கிவிடும். அங்கே போகிறவர் கேட்க வேண்டியவை: எந்தத் தர ஆயிலை ஊற்றுகிறீர்கள், எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஆயிலா, முந்தைய காரின் ஆயில் மெஷினில் எஞ்சியிருக்குமா, உள்ளே கழுவும் ரசாயனம் ஏதும் சேர்ப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லித் திரும்பிவிடலாம். பல ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் அழுக்கைக் கரைத்து வால்வ் பாடியின் நுண்வழிகளுக்குள் அனுப்புவதால் நன்மை எதுவும் இல்லை.

அளவைச் சரிபார்த்தல்: முடிவு இங்கேதான்

டிப்ஸ்டிக் உள்ள காரில் விதி எளிது, ஆனால் காருக்குக் கார் மாறும். பெரும்பாலானவற்றில் ஆயில் சூடான பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். சிலவற்றில் என்ஜினை நிறுத்திச் சில விநாடிகளிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இந்த விதியை மாற்றிப் பின்பற்றினால் என்ஜின் ஓடும்போதும் நின்றபோதும் காட்டும் அளவு வேறாக இருப்பதால், இல்லாத குறையை நிரப்பி அதிகப்படுத்திவிடுவோம், அல்லது இருக்கும் குறையைக் காணாமல் விட்டுவிடுவோம்.

டிப்ஸ்டிக் இல்லாத காரில் பேனின் அடியிலோ பக்கவாட்டிலோ ஓர் அளவுப் பிளக் இருக்கும். அதன் உள்ளே ஒரு சிறு குழாய் குறித்த உயரத்துக்கு நிற்கும். அந்த உயரத்துக்கு மேல் உள்ள ஆயில் மட்டும் வழிந்து வெளியே வரும். கார் நான்கு பக்கமும் சமமாக உயர்ந்திருக்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும், கியர் நெம்பை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள் நிறுத்தி மீண்டும் பார்க் நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும், ஆயிலின் வெப்பநிலை குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பல கார்களில் இந்த எல்லை 30க்கும் 50 டிகிரிக்கும் நடுவே எங்கோ அமைகிறது. சிலவற்றில் ஐந்து டிகிரி இடைவெளிதான் தருவார்கள். பிளக்கைத் திறந்ததும் முதலில் விரற்கனத் தாரையாக வழியும். பிறகு நூலாக மெலியும். நூல் அறுந்து சொட்டுச் சொட்டாக மாறும் தறுவாயில் பிளக்கை மூட வேண்டும். எதுவுமே வழியவில்லை என்றால் ஆயில் போதவில்லை. மேலும் ஊற்ற வேண்டும்.

வெப்பநிலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். ஏடிஎஃப் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் பருமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஏழு அல்லது எட்டுப் பங்கு விரிவடைகிறது. 8 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் கூடிவிடும். 40 டிகிரியில் பார்க்க வேண்டியதை 80 டிகிரியில் பார்த்தால், விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வழிந்து, ஆறியபின் கால் லிட்டர் அளவுக்குக் குறைவாக நிற்கும். குளிர்ந்த நிலையிலேயே பார்த்து மூடினால் நேர்மாறாக அதிகமாகும். குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து, டிரைவ் போட்டபின் கார் நகரத் தாமதமாகும், கிளட்ச் வழுக்கித் தேயும். அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்காது என்பதால் விளைவு ஏறக்குறைய அதேதான், காற்றுத் துளை வழியாக ஆயில் வெளியே கக்குவதும் சேர்ந்துகொள்ளும்.

எனவே டிப்ஸ்டிக் இல்லாத காரை வீட்டில் செய்ய நினைப்பவருக்கு இரண்டு கட்டாயத் தேவைகள்: காரை நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்த முடிய வேண்டும், காரின் கணினியோடு இணைத்து ஆயிலின் வெப்பநிலையைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். எல்லா மலிவு ஸ்கேனர்களும் கியர்பாக்ஸ் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பேனின் வெளிப்புறத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பது மதிப்பீடாக மட்டுமே பயன்படும். முன்சக்கரங்களை மட்டும் உயர்த்திய நிலையில் அளவு பார்ப்பது பார்க்காததற்குச் சமம். ஓடும் என்ஜினுக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை இது என்பதையும் மறக்க முடியாது. ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகக் கூடாது. உறுதியான தரை, சரியான இடத்தில் வைத்த ஸ்டாண்டுகள், இழுத்த ஹேண்ட் பிரேக் ஆகியவை இல்லாத இடத்தில் மேலே சொன்ன எந்த முறையும் வீட்டு முறை ஆகாது.

பழைய கியர்பாக்ஸ்

நெடுந்தூரம் ஓடிய, ஒருமுறையும் ஆயில் மாற்றாத கியர்பாக்ஸில் புதிய ஆயிலை ஊற்றினால் அது உடனே கெட்டுவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் நினைவுக்கு வருகிறது. மாற்றிய சில வாரங்களில் கியர்பாக்ஸ் நின்றுவிட்டால் பழி ஆயில்மேல் விழுகிறது. கியர் மாறுவது இன்றும் சீராக இருந்தால், பழைய கியர்பாக்ஸுக்கும் ஆயில் மாற்றுவது நல்லதே. அங்கே ஒரே நாளில் முழுவதையும் மாற்றுவதைவிட, இடைவெளி விட்டு ஒன்றிரண்டு முறை வடித்து நிரப்புவதையே பரிந்துரைப்பேன். கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, தாமதிக்கிறது, உதறுகிறது என்றால் வீட்டு வேலையைத் தொடங்காமல் முதலில் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு ஆயிலை விட்டுப் பார்க்கலாம். பழுப்பேறியிருந்தால் வயதாகிவிட்டது என்று மட்டும் பொருள். கருத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கலாம். அந்தக் காரை இயக்கவே கூடாது. நீர் கலந்த ஆயில் கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையையே நெகிழ்த்திவிடும்.

யாருக்கு எது

டிப்ஸ்டிக்கும் டிரெயின் பிளக்கும் உள்ள கார், சீராக மாறும் கியர், காரை மட்டமாக உயர்த்த இடம் ஆகிய மூன்றும் இருப்பவர் தயங்காமல் வடித்து நிரப்பும் முறையை மேற்கொள்ளலாம். ஃபில்டர் கைக்கு எட்டும் என்றால் முதல் முறை மட்டும் பேனையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. அளவுப் பிளக் உள்ள காரை வைத்திருப்பவர், ஸ்கேனரும் நான்கு ஸ்டாண்டுகளும் சேர்ந்து கிடைக்கும்வரை காத்திருக்கலாம், அல்லது ஆயிலை மட்டும் தாமே வாங்கிக் கொடுத்து ஒர்க்‌ஷாப்பில் மாற்றச் சொல்லலாம். ஆயில் மாற்றியபின் கிளட்சுகள் பற்றும் விதத்தைக் காரின் கணினி கற்று வைத்திருக்கும் மின்னணுப் பதிவை ஸ்கேனரால் மீட்டமைக்க வேண்டிய கார்களுக்கும் ஒர்க்‌ஷாப்பே பொருத்தம். உத்தரவாதக் காலம் முடியாத காரில் தாமே செய்வதானால் ஆயில் வாங்கிய ரசீதையும், தேதியையும், ஓடிய கிலோமீட்டரையும் பத்திரப்படுத்த வேண்டும். கூலர் குழாய் முறை, இதற்கு முன் இரண்டு மூன்று முறை வடித்து நிரப்பிப் பழகியவருக்கு மட்டும்.

வேலை முடிந்த அன்றே பிளக்கிலும் பேன் விளிம்பிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, சிறிது தூரம் ஓட்டிய பிறகு அதே வெப்பநிலையில் அளவை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வடித்த பழைய ஆயிலை மூடியுள்ள கலனில், கூலன்ட்டோ பிரேக் திரவமோ கலக்காமல் வைத்து, கழிவு ஆயில் வாங்குமிடத்தில் கொடுக்கலாம். சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றக் கூடாது. ஆனால் இரண்டாவது முறை அளவு பார்த்து முடியும்வரை அதைக் கொடுத்துவிட வேண்டாம். ஊற்றிய அளவில் ஐயம் எழுந்தால், எவ்வளவு வெளியே வந்தது என்பதற்கு அந்தக் கலன் மட்டுமே சாட்சி.